நாற்பது கிலோ மிச்சம்

லாரி இறங்கிப் போய்விட்டது.
எடைமேடையில் ஈ கூட இல்லை.
சிவப்பு எண்கள் மட்டும்
நாற்பது கிலோ என்கின்றன.

பாகாவ் செம்பனை ஆலையில் எனக்குப் பதினேழு வருஷம்.
இந்த நாற்பதை நன்றாகத் தெரியும்:
தகட்டுக்கு அடியில் சேறு இறுகியிருக்கும்,
நசுங்கிய பழம் நாலைந்து கிடக்கும்.
பளு ஏறும்போது மேடை ஒழுங்காகத்தான் தாழும்.
இறங்கிய பிறகு
எழும்பி வர மனசில்லாமல் நிற்கும்.

சிரம்பானில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து
விலாவில் குளிர்ந்த பசை தடவி
எக்கோ எடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள்.
"சுருங்குறது நல்லா இருக்குக்கா.
தளர்றதுக்குத்தான் நேரம் எடுக்குது."
திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று
சேற்றுக் கெளுத்தி மாதிரி வாயைத் திறந்து மூடியது.
உங்களோடதுதான், என்றாள்.

எனக்கு இனிப்புநீர் இல்லையே, என்றேன்.
வருஷா வருஷம் விரல் குத்தி
அஞ்சு புள்ளி நாலு, அஞ்சு புள்ளி ஆறு.
சீட்டெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது,
பரீட்சை பாஸான பிள்ளையின் தாள் மாதிரி.

டாக்டர் ஃபரீடா, பாதி தமிழ், பாதி மலாய்:
"சீனி சரியாத்தான் இருந்துச்சு.
அதைச் சரியா வைக்க
உடம்பு எவ்வளவு இன்சுலினைக் கொட்டுச்சுன்னு
யாரும் பார்க்கலை."

அப்போது எனக்கு எங்கள் கேட் ஞாபகம் வந்தது.
குலை மிகுந்த மாதம், ராத்திரி ரெண்டு மணி.
ஒரு லாரி ஒரு தடவை ஹாரன் அடித்தால்
ஜாகா அங்கப்பன் ஓடி வருவார்.
முப்பது லாரி சேர்ந்து அலறினால்
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார்.
ஓசை கூடக் கூடக் காது மந்தம்,
காது மந்தமாக மந்தமாக ஓசை.
எப்படியோ கதவு திறந்துவிடும்.
காலையில் மேனேஜர் பார்க்கிற தாளில்
எல்லாம் நார்மல்.

எத்தனை வருஷமோ என் ரத்தத்தில் அந்த ஹாரன்.
ஒட்டுக்கடை தே தாரேக்குக்கு ஒன்று,
ஷிஃப்டு நடுவில் மைலோவுக்கு ஒன்று,
ராத்திரி பத்து மணிச் சோற்றுக்கு நீளமாக ஒன்று.
இதயத் தசை சீனிக்குக் கதவைச் சாத்திவிட்டு
கொழுப்பை எரித்தே ஓடுகிறதாம்.
செலவு கூட, ஓட்டம் குறைவு.
வேடிக்கை என்னவென்றால்
எடுத்துக்கொள் என்றால் கேட்காத அதே செவிக்கு
வளர் என்றால் மட்டும் இன்னும் கேட்கிறதாம்.
அதனால் சுவர் தடித்துவிட்டது.
இழைகளுக்கு நடுவே நார் ஓடுகிறது,
ஆலையில் பிழிந்து கொட்டுகிற நார் மாதிரி.

தங்கை அமுதரசி போனில் ஆரம்பித்தாள்:
உனக்குத்தான் தளரவே தெரியாதே அக்கா,
சின்ன வயசிலிருந்தே விறைப்பு.
அடி போடி.
இது குணமில்லை, ரசாயனம்.
என் இதயத்தை வைத்து நீ கட்டுரை எழுதாதே.

சாயங்காலம் நடக்கச் சொன்னார் டாக்டர்.
நடக்கிற காலின் தசைகள்
ஹாரனுக்குக் காத்திருக்காமல்
தானே கதவைத் திறக்குமாம்.
கேட்கவே ஒரு மரியாதை இருந்தது அதில்.

மூன்றாம் விளக்குக் கம்பத்தில் மூச்சு முட்டியது.
லாரி வரிசை ஓரமாக நின்றேன்.
எஞ்சின் அணைத்த ஒரு டிரைவர்
அக்கா, எடை போட ஆள் இல்லையா, என்றான்.
வருவாங்க, இப்போ நான் ஆள் இல்லை, என்றேன்.
நாலாம் கம்பம். ஐந்தாவது எட்டவில்லை.

ஒட்டுக்கடையில் தே ஓ கோசோங் கேட்டதற்கு
பையன் யாருக்கு உடம்பு சரியில்லை என்றான்.
கசந்தது. முழுசாகக் குடிக்கவில்லை.

மறுநாள் ஃபிட்டர் குழாயை இழுத்து வந்து
மேடைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சினான்.
கறுத்த சேறு, பழம்,
எவனோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.
எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பது.
இருபது.
இருபதிலேயே நின்றது.
பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் அடி, என்றேன்.
அடுத்த லாரி அதற்குள்
ஹாரனில் கை வைத்துவிட்டான்.